பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் அதை உயர்த்துங்கள்

கார் பார்க்கப் போகிறவர்கள் வழமையாக முதலில் பொனற்றைத் திறக்கச் சொல்வார்கள். எஞ்சின் பளபளவென்று இருந்தால் மனம் பாதி விழுந்துவிடும். திருகோணமலையில் இந்த ஒழுங்கைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். கார் முதலில் ஹொயிஸ்றில் ஏறட்டும், பொனற்றைப் பிறகு பார்க்கலாம். எஞ்சின் போனால் ஹாஃப் கட் (எஞ்சினோடு வெட்டி இறக்கிய முன்பாதிக் கார்) ஒன்று தேடலாம். கியர்பெட்டி போனால் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினால் ஏதாவது அகப்படும். அடிப்பக்கத்தைக் கறள் தின்றுவிட்ட காருக்கு மாற்று உடம்பு எந்தக் கடையிலும் இல்லை.

வாடைக் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, உப்புவெளி, நிலாவெளி, டச்சு பே பக்கம் வெளியில் நிற்கிற கார்களில் கடல் உப்புப் படியும். கூடவே வருகிற மழை அந்த உப்பை மடிப்புகளுக்குள்ளும் துளைகளுக்குள்ளும் கழுவிக்கொண்டு போகும். பிறகு கச்சான் காலத்து வெயிலும் வரண்ட காற்றும் கதவு றப்பர், சஸ்பென்சன் புஷ், ஹோஸ், பெல்ட் எல்லாவற்றையும் வெடிக்க வைக்கும். கொழும்புக் கார் என்றால் தப்பியது என்று நினைக்க வேண்டாம். கல்கிசையில் கடலோர வீட்டு முற்றத்தில் பத்து வருடம் நின்ற காருக்கும் இதே நோய்தான்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் பழைய கார் இறக்க வயதெல்லை தடுக்கும். ஆகவே இன்று விற்பனைக்கு வருகிற ஆர்எக்ஸ்-8, எம்எக்ஸ்-5, இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸ், லான்சர் எவொலூஷன், இன்ரெக்ரா எல்லாம் இந்தத் தீவுக்குள்ளேயே பல கை மாறி, பல கராஜ் கண்டவை. மீற்றரில் காட்டுகிற கிலோமீற்றரை ஒரு அலங்கார இலக்கமாக மட்டும் எடுங்கள்.

போகுமுன் போனில்

விற்பவரிடம் சீ.ஆர். (பதிவுச் சான்றிதழ்) படமும் சசி நம்பரும் கேளுங்கள். ஜப்பானில் ஏலத்தில் எடுத்த கார் என்றால் ஏல ஷீற்றையும் கேளுங்கள். தயங்குகிறவரிடம் போக இருநூற்றைம்பது கிலோமீற்றர் பெற்றோலைச் செலவழிக்க வேண்டாம்.

சசி நம்பரின் முன்னெழுத்துகள் நிறையச் சொல்லும். பழைய சிவிக் ரைப்-ஆர் உண்மையானதென்றால் ஈகே9 என்று தொடங்கும். ஈகே4 என்றிருந்தால் அது எஸ்ஐஆர், ரைப்-ஆர் உடுப்புப் போட்டது. எவொலூஷன் 7, 8, 9 மூன்றும் சீடீ9ஏ. ரொயோட்டா 86 என்றால் இசட்என்6. சாதாரண லான்சருக்கு எவோ பம்பரும் விங்கும் பூட்டி விற்பதை வெறும் கண்ணால் பிடிக்கச் சிரமப்படலாம், ஆனால் சசியில் அடித்த எழுத்தை மாற்றுவது இலேசில்லை.

ஏல ஷீற்றில் பெரிதாக எழுதியிருக்கும் தரத்தைப் பாருங்கள். 4, 4.5 நல்ல தரம். ஆர் அல்லது ஆர்ஏ என்றிருந்தால் விபத்துத் திருத்தம் நடந்த கார். கார்ப் படத்தின் மேல் போட்டிருக்கும் குறியீடுகளில் ஏ கீறல், யூ நெளிவு, டபிள்யூ திருத்திய இடம், எஸ் கறள், இரண்டு எக்ஸ் என்றால் மாற்றிய பாகம். ஷீற்றில் உள்ள சசி நம்பர் காரில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். வேறொரு காரின் ஷீற்றைக் காட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் பதிவு எண்ணைக் கொடுத்து விவரத்தைப் பாருங்கள். முற்றுரிமையாளர் என்ற இடத்தில் ஒரு லீசிங் கம்பனியின் பெயர் நின்றால் கடன் இன்னும் தீரவில்லை, அல்லது தீர்ந்தும் பெயர் நீக்கவில்லை. இரண்டில் எதுவானாலும் அதை விற்பவர்தான் சரிசெய்ய வேண்டும்.

கடைசியாக ஒரு நிபந்தனை. நீங்கள் போய்ச் சேரும்வரை எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணக் கூடாது. "தம்பி, வாறீங்க எண்டு காலையிலயே ஒருக்கா சூடாக்கி வைச்சனான்" என்று அன்பாகச் சொன்னால், பொனற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினின் முதல் முப்பது விநாடியில்தான் செயின் சத்தம், நீலப் புகை, ஏறி இறங்கும் ஐடில் எல்லாம் வெளியில் வரும்.

யாரைக் கொண்டு பார்ப்பது

விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதே கூலி வாங்குகிற பாஸ் ஒருவர் வேண்டும். விற்பவர் சொல்லும் கராஜ் வேண்டாம், புரோக்கர் கூட்டிவருகிறவரும் வேண்டாம். அந்த மொடலைக் கழற்றிப் பூட்டியவராக இருந்தால் நல்லது. ஹைப்ரிட் வேலையில் கெட்டிக்காரராக இருப்பவருக்கு ஆர்எக்ஸ்-8இன் ரோட்டரி எஞ்சின் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. சிலிண்டர் அழுத்தம் அளக்கும் கொம்பிரசன் கேஜ், சிலிண்டருக்குள் காற்றை விட்டுக் கசிவு பார்க்கும் லீக்-டவுன் ரெஸ்ரர், காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கானர், பெயின்ற் தடிப்பு அளக்கும் கருவி, பிளக் ஓட்டைக்குள் விடும் சிறு கமரா ஆகியவை அவரிடம் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே கேளுங்கள். திருகோணமலையில் ஒரே கராஜில் இவ்வளவும் கிடைக்காவிட்டால் வேலையைப் பிரியுங்கள். அடிப்பக்கத்தை ஏதாவது ஒரு சேர்விஸ் ஸ்ரேஷன் ஹொயிஸ்றில் பார்க்கலாம், ஸ்கான் வேறிடத்தில் எடுக்கலாம். கார் கொழும்பிலோ கண்டியிலோ நிற்கிறதென்றால் அங்கேயே ஒருவரைப் பிடித்து, படங்களோடு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். வாயால் "ஓகே" சொல்கிற பரிசோதனைக்குக் காசு கொடுத்துப் பிரயோசனமில்லை.

கூலி உங்கள் கையிலிருந்து. பிளக் கழற்றுவது, சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்ரிக் லைனர் கழற்றுவது போன்ற வேலைகளுக்கு விற்பவரின் சம்மதத்தை முதலே வாங்கிவிடுங்கள். கராஜ் வாசலில் நின்று வாதாடுவது எல்லோருக்கும் சங்கடம்.

அடியில்

ஹொயிஸ்றில் ஏற்றியதும் புதிதாகக் கறுப்பு அடித்திருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பக்கம் முழுக்க ஒரே சீரான கறுப்பு அண்டர்கோட், அதுவும் போல்ட் தலை, றப்பர் புஷ், எக்ஸோஸ் எல்லாவற்றின் மேலும் தெறித்திருந்தால் அது போன கிழமை அடித்தது. மறைக்க ஏதோ இருக்கிறது. ஸ்குறூ டிரைவரின் பிடிப்பக்கத்தால் கதவுக்குக் கீழே ஓடும் சில்லை முன்னிருந்து பின்னாக ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். பட்டி நிரப்பிய இடத்தில் சத்தம் அமுங்கும். உக்கிய இடம் பொருபொருத்து உள்ளே இறங்கும். காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிப் பிடித்தாலும் பட்டி உள்ள இடத்தில் ஒட்டாது.

ஜாக் வைக்கும் புள்ளிகள், பின் சப்ஃபிரேம் பூட்டும் இடங்கள், பிரேக் பைப்பும் பெற்றோல் பைப்பும் கிளிப்புக்குள் நுழைகிற இடங்கள், ஷொக் அப்சோபரின் கீழ்த் தட்டு ஆகியவற்றில் கறள் மேற்பரப்பில் மட்டுமா, செதில் செதிலாகக் கழன்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். செம்மஞ்சள் தூள் மாதிரி இருந்தால் கம்பிப் பிரஷ்ஷுக்கு அடங்கும். வெற்றிலை மடிப்பு மாதிரிப் படையாக எழும்பியிருந்தால் உள்ளே பாதித் தகடு போய்விட்டது. பிரேக் பைப்பில் செதில் கண்டால் அதை மாற்றாமல் றோட்டில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

எம்எக்ஸ்-5க்கென்று தனியாக ஒரு சோதனை இருக்கிறது, அதற்கு ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் போதும். துணிக் கூரையில் விழும் மழைத்தண்ணீர் இருக்கைக்குப் பின்னால் இருபுறமும் உள்ள துளைகளால் இறங்கி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் அடியில் வெளியேற வேண்டும். அந்தத் துளையில் சருகும் மணலும் சேர்ந்தால் தண்ணீர் கதவடிச் சில்லுக்குள் தேங்கி, உள்ளிருந்து வெளியே உக்கும். வெளிப் பெயின்றில் ஒரு சின்னக் கொப்புளம் வருகிறபோது உட்தகடு ஏற்கெனவே போயிருக்கும். ஒரு பக்கத் துளையில் அரைப் போத்தலை மெதுவாக ஊற்றச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே குனிந்து பாருங்கள். தண்ணீர் உடனே, தெளிவாக விழ வேண்டும். துளித் துளியாகச் செம்மஞ்சள் நிறத்தில் வந்தால், அல்லது வராமலே இருந்தால், காரணம் தெரிந்துவிட்டது. நிலாவெளிப் பக்கம் மணலில் நிறுத்திப் பழகிய கார் என்றால் இருக்கைத் தண்டவாளத்துக்குள்ளும் மணல் கரகரக்கும்.

தாழ்த்திய கார்களில் ஒயில் சம்பின் அடியையும் எக்ஸோஸின் முன் பகுதியையும் பாருங்கள். ஸ்பீட் பம்ப் ஒவ்வொன்றும் தன் கையெழுத்தை அங்கே போட்டிருக்கும். கீறல் பரவாயில்லை. நெளிந்த சம்ப் ஒயில் உறிஞ்சும் குழாயை நெருங்கிவிடும், அப்போது எஞ்சின் வேகத்தில் ஒயில் பட்டினி கிடக்கும்.

உடம்பும் விபத்தும்

கம்பனிப் பெயின்ற் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரோன் தடிப்புக்குள் நிற்கும். 200ஐத் தாண்டினால் திரும்ப அடித்தது, 500ஐத் தாண்டினால் கீழே பட்டி. பிளாஸ்ரிக் பம்பரில் இந்தக் கருவி வேலை செய்யாது. ஒரு கதவு மறுபடி பெயின்ற் ஆனது பெரிய குற்றமில்லை, நம் றோட்டில் மாடும் மானும் மோட்டார் சைக்கிளும் அவ்வளவு செய்யும். தேட வேண்டியது கட்டமைப்பில் பட்ட அடி. பொனற்றுக்குள் இருபுறமும் முன்னோக்கி ஓடும் றெயில், ஸ்ரட் கோபுரங்கள், பின் டிக்கியின் தரை ஆகிய மூன்று இடத்திலும் கம்பனி ஸ்பொட் வெல்ட் ஒரே இடைவெளியில் வட்ட வட்டமாக இருக்கும். டிங்கரிங் கை பட்ட இடத்தில் அந்த ஒழுங்கு குலைந்து, சீலன்ற் விரலால் இழுத்த மாதிரிக் கிடக்கும். ஃபெண்டர் போல்ட் தலையில் ஸ்பனர் கடித்த அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எஞ்சின்

எஞ்சின் நம்பரை சீ.ஆரோடு ஒப்பிடுங்கள். மாற்றிய எஞ்சின் பதிவில் ஏறாமல் இருந்தால் உரிமை மாற்றும்போது நீங்கள்தான் அலைய வேண்டும்.

டர்போ கார் என்றால் எந்தப் பெற்றோல் அடித்தார் என்பது முக்கியம். ஜப்பான் சந்தைக்குச் செய்த டர்போ எஞ்சின்கள் அங்குள்ள உயர் ஒக்டேனுக்கு, ஏறத்தாழ 100க்கு, ரியூன் செய்தவை. இங்கே வழமையாகக் கிடைப்பது 92உம் 95உம். 92 அடித்து பூஸ்ற்றில் மிதித்தால் நொக்கிங் வரும், அது பிஸ்ரனில் றிங் உட்காரும் விளிம்பை உடைக்கும். 99 எண்ணெய்த் தாங்கி நிற்கிற ஊர் இது, அப்படியிருந்தும் 95 எந்த ஷெட்டில் எப்போது தீரும் என்று இங்கே ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு மனப்பாடமாக இருக்கும். அந்த விவரத்தைச் சட்டென்று சொல்ல முடியாத விற்பவர் 92தான் அடித்திருப்பார்.

கொம்பிரசன் எடுக்கும் முறை: எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். பெற்றோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றி, கொயில் இணைப்புகளைப் பிரித்து, எல்லாப் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். ஒரு ஆள் அக்சிலேற்றரை முழுதாக மிதித்தபடி ஸ்ராட்டரை அடிக்க வேண்டும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. பற்றரி பலவீனமாக இருந்தால் அளவு பொய்யாகக் குறையும், அதனால் ஜம்பர் வயர் போட்டுக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத எஞ்சினில் 170 முதல் 220 பிஎஸ்ஐ வரை, டர்போவில் அதைவிடக் குறைவாக வரும். மொடலின் மனுவல் சொல்வதே சரியான கணக்கு. வந்த அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம், 15 வீதத்துக்கு மேல் போகக் கூடாது. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி எடுங்கள். அளவு ஏறினால் றிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கஸ்கற்.

லீக்-டவுன் இதைவிடத் துல்லியமாகச் சொல்லும். 10 வீதத்துக்குள் கசிவு நல்லது, 20ஐத் தாண்டினால் செலவு. காற்று எங்கால் சீறுகிறது என்று காதை வைத்துக் கேளுங்கள். ஒயில் மூடியில் கேட்டால் றிங், எக்ஸோஸ் குழாயில் கேட்டால் எக்ஸோஸ் வால்வு, றேடியேற்றரில் குமிழி எழும்பினால் ஹெட் கஸ்கற்.

ஆர்எக்ஸ்-8க்கு இந்த முறை எதுவும் சரிவராது. அதன் ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று அறைகள். மூன்றையும் தனித்தனியாகக் காட்டுகிற ரோட்டரி ரெஸ்ரர் வேண்டும், வந்த அளவை நிமிடத்துக்கு 250 சுற்று வேகத்துக்குக் கணித்துப் பார்க்க வேண்டும். மஸ்டாவின் கீழ் எல்லை 680 கிலோபாஸ்கல். ஒரே ரோட்டரின் அறைகளுக்குள் 150, இரண்டு ரோட்டருக்கு இடையில் 100 கிலோபாஸ்கலுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அந்தக் கருவி இல்லாவிட்டால், காரை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்ரார்ட் பண்ணுங்கள். சூட்டில் ஸ்ராட்டர் இழுத்துக்கொண்டே இருந்தால் எஞ்சின் முடிகிற கட்டம். இந்த எஞ்சின் ஒயில் குடிப்பது அதன் அமைப்பே, ரோட்டரின் முனைகளில் உள்ள ஏபெக்ஸ் சீலுக்குப் போவது அந்த ஒயில்தான். "என்ர கார் ஒயிலே குடிக்காது" என்று ஆர்எக்ஸ்-8க்காரர் பெருமைப்பட்டால் ஒயில் கொடுக்கும் பம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

சுபாருவின் ஈஜே20, மிற்சுபிஷியின் 4ஜி63 இரண்டிலும் ரைமிங் பெல்ட் 100,000 கிலோமீற்றரில் மாற வேண்டும், அறுந்தால் வால்வுகள் வளையும். மாற்றியதற்கு பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்று வைத்து விலை பேசுங்கள். 2012, 2013இல் செய்த ரொயோட்டா 86களுக்கு வால்வ் ஸ்பிரிங்குக்காக 2018இல் ரீகோல் வந்தது. சசி நம்பரைக் கொண்டு அந்த வேலை நடந்ததா என்று பாருங்கள். அதே நம்பரை ரகாட்டா கம்பனியின் எயார்பாக் ரீகோலுக்கும் தேடுங்கள். அந்த எயார்பாக்கின் வெடிமருந்து வெப்பத்திலும் ஈரத்திலும் கெடும், கெட்டால் விரியும்போது உலோகத் துண்டுகளைத் தெறிக்கும். வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் நம் ஊரில் குறையில்லை.

டர்போவின் நுழைவுக் குழாயைக் கழற்றி, தண்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டினால் மிகச் சிறிதாக ஆடலாம், முன்னும் பின்னும் ஆடக் கூடாது. இன்ரகூலர் குழாயில் ஒயில் ஈரம் சாதாரணம், ஊற்றினால் வடிகிற அளவு ஒயில் சாதாரணமில்லை.

ஸ்கான்

பழுதுக் கோட் இல்லை என்ற பதில் போதாது. அழித்துவிட்டுக் காட்டுவது அரை நிமிட வேலை. பல கார்களில் கோட் அழித்தபின் ஓடிய தூரத்தை ஸ்கானர் காட்டும், கண்காணிப்புச் சோதனைகள் முடிந்தனவா என்றும் காட்டும். நேற்றைக்கு அழித்து, சோதனைகள் எதுவும் முடியாமல் இருந்தால் நாலு நாள் ஓட்டிவிட்டு மறுபடி கொண்டுவரச் சொல்லுங்கள். எரிபொருள் ட்ரிம் (எஞ்சின் கணினி பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற திருத்தம்) 10 வீதத்துக்கு மேல் நின்றால் காற்றுக் கசிவோ சென்சர் கோளாறோ இருக்கும். 2000க்கு முந்திய ஜப்பான் கார்கள் பலவற்றில் சாதாரண ஓபிடி கருவி பேசாது, அது காரின் குறையல்ல.

றோட்டில்

ஊருக்குள் 50, வெளியில் 70தான் வேக எல்லை. சோதனைக்கு அது தாராளம். நாலாம் கியரில் 2,000 சுற்றில் வைத்து முழுதாக மிதியுங்கள். சுற்று எகிறி கார் அதோடு ஏறாவிட்டால் கிளச் முடிந்தது. குளிரில் இரண்டாம், மூன்றாம் கியருக்கு வேகமாக இறக்கிப் பாருங்கள், கரகரப்பு வந்தால் கியர்பெட்டிக்குள் சின்குறோ வளையம் தேய்ந்திருக்கிறது. ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் கியர் நழுவி வெளியே விழுகிறதா என்று தெரியும். கிண்ணியாப் பாலத்தில் மெதுவாகப் போனால் இணைப்புகளில் சஸ்பென்சன் தட்டுவது காதில் விழும். வெறும் மைதானத்தில் ஸ்ரியரிங்கை முழுதாகத் திருப்பி இரண்டு பக்கமும் மெதுவாக எட்டுப் போடுங்கள், ட்ரைவ் சாஃப்ற் பழுதென்றால் டக்டக்கென்று சொல்லிவிடும்.

திரும்பி வந்ததும் ஏசியைப் போட்டு இருபது நிமிடம் ஐடிலில் விடுங்கள். வெப்ப ஊசி ஏறினால் உப்பு தின்ற றேடியேற்றர், சுற்றாத ஃபான், அடைத்த கண்டென்சர் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். பிறகு ஒரு முறை நன்றாக முறுக்கிப் புகையைப் பாருங்கள்.

ரயர் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. ஆறு வருடம் தாண்டிய ரயர் பூ நிறைய இருந்தாலும் கழிவுதான். பிரேக் டிஸ்க்கின் நடுவில் குறைந்தபட்சத் தடிப்பு அடித்திருக்கும், வேணியர் கலிப்பரால் அளந்து ஒப்பிடுங்கள். கடலோரக் காரில் பிரேக் கலிப்பரின் ஸ்லைட் பின் இறுகி, ஒரு பாட் மட்டும் தேய்ந்திருப்பது அடிக்கடி காண்கிற குறை. வேலை சின்னது, விலை பேசக் காரணம் பெரிது.

வெள்ளம்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நாட்டின் பல பக்கங்களில் வாகனங்கள் மூழ்கின. கழுவிக் காயவைத்து அவை சந்தைக்கு வரத்தான் செய்யும். சீற் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், சுருளின் உள்முனையில் சேற்றுக் கோடு தங்கியிருக்கும். அதைக் கழுவ யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. காபெற்றின் ஓரத்தைத் தூக்கி அடிப்பஞ்சை அமுக்குங்கள். சீற்றுக்கு அடியில் உள்ள கனெக்ரர்களைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு அரை மணி வெயிலில் விட்டு, பிறகு கதவைத் திறந்து மணந்து பாருங்கள்.

விலையும் கையெழுத்தும்

அறிக்கையில் வந்த குறைகளை மூன்றாகப் பிரியுங்கள். ரயர், பாட், பெல்ட் போன்றவற்றின் செலவை விலையில் கழிக்கலாம். கிளச், ஷொக், டர்போ என்றால் பாகத்தின் உண்மையான விலையை முதலில் போனில் விசாரித்துவிட்டுப் பேசுங்கள். இருக்கும் என்று நினைக்கிற பாகம் நாட்டிலேயே இல்லாமல் போகலாம். றெயில் வளைவு, சில் கறள், பொருந்தாத நம்பர், வெள்ளம் ஆகியவற்றுக்குப் பேரமே இல்லை, வீட்டுக்கு வாருங்கள்.

முற்பணம் கொடுப்பதென்றால் "பரிசோதனையில் பெரிய குறை கண்டால் முழுதும் திருப்பித் தரப்படும்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பதிவு உரிமையாளர் இவரில்லை, ஓப்பன் பேப்பரில் (பதிவில் பெயர் மாற்றாமல், கையெழுத்திட்ட பத்திரத்தோடு மட்டும்) பல கை மாறியது என்றால் சீ.ஆரில் பெயருள்ள ஆளை நேரில் கண்டு, அவரின் அடையாள அட்டையோடு கையெழுத்தை ஒப்பிடாமல் காசு கை மாறக் கூடாது.

பரிசோதனை நாளிலேயே நாலு ரயர் இலக்கத்தையும், சில்லுகளையும், முன் சீற்றுகளையும், ஈசியூ (எஞ்சின் கணினி) லேபிளையும் படம் எடுத்து வையுங்கள். கார் எடுக்கும் நாளில் அந்தப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இடைப்பட்ட கிழமையில் றெக்காரோ சீற் சாதாரணச் சீற்றாக மாறிவிடுவதுண்டு. காசு எண்ணிக் கொடுத்த பிறகு கேட்டால், அது முதலிலேயே அப்படித்தான் இருந்தது என்பார்கள்.